இழுவையா, ரப்பரா? வேகக் கார்களின் பிடிமானம்

2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் இருபது ஃபார்முலா ஒன் கார்கள் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிந்ததும் பதினான்கு கார்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை. நேராகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பதினான்கும் மிஷெலின் டயர் மாட்டியவை. இரண்டு நாளுக்கு முன் பயிற்சியின்போது, சரிவாகக் கட்டப்பட்ட பதின்மூன்றாம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா டயர் கெட்டுச் சுவரில் மோதியிருந்தது. அந்த வளைவில் முழு வேகத்தில் போனால் தன் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல மிஷெலினால் முடியவில்லை. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்பது அந்த ஆண்டு விதி. மிஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்கள். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. எஞ்சின், கியர்பாக்ஸ், காற்றியக்கம் எல்லாவற்றிலும் ஜோர்டானைவிட மேலான கார்கள் அன்று கொட்டகையில் நின்றன.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று 1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுராகர் ஹோஹே மலைப்பாதையில் நடந்தது. 23 சதவீத ஏற்றம், பனி மூடிய சாலை. ஆடி நிறுவனத்தின் நான்கு சக்கர இயக்கச் சோதனைக் கார் ஒன்று கோடைக்கால டயரோடு, சங்கிலி எதுவும் கட்டாமல் அதில் ஏறிப் போனது. அதற்கு வித்திட்டவர் யோர்க் பென்சிங்கர் என்ற பொறியாளர். 1976-77 குளிர்காலத்தில் ஃபின்லாந்துச் சோதனைகளின்போது, 75 குதிரைத்திறன் மட்டுமே உள்ள ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற நான்கு சக்கர இயக்க ராணுவ வண்டி அதைவிட வலுவான கார்களைப் பனியில் பின்னுக்குத் தள்ளியதை அவர் கவனித்திருந்தார். 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ‘குவாட்ரோ’ என்ற பெயரில் அந்தக் கார் வெளிவந்தது.

முதல் சம்பவத்தைப் பார்த்தால் டயர்தான் எல்லாம். இரண்டாவதைப் பார்த்தால் டயர் எப்படி இருந்தாலும் நான்கு சக்கரமும் இழுத்தால் போதும். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய வாதம் இந்த இரு முனைகளுக்கு நடுவேதான் நாற்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பின்சக்கர இயக்கமே தூய்மையானது என்பார் ஒருவர். நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் 600 குதிரைத்திறனைத் தரையில் இறக்கவே முடியாது என்பார் இன்னொருவர். டயர் என்ன, தரை என்ன என்று சொல்லாமல் இந்த வாதத்தைத் தொடங்குவதில் பொருளே இல்லை என்பது என் கட்சி. நான்கு சக்கர இயக்கத்தின் மதிப்பு நிலையான ஒன்றல்ல. டயரும் தரையும் மேம்பட மேம்பட அது தேய்கிறது. மோசமாக ஆக ஆக வளர்கிறது. அதுவும் காரை முன்னே தள்ளும்போது மட்டும்.

முதலில் ரப்பர். உராய்வு விசை பாரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பைச் சார்ந்திருக்காது என்று பள்ளியில் படித்தது டயருக்குச் சரியாகப் பொருந்தாது. ரப்பர் இரண்டு வழிகளில் பிடிக்கிறது. தரையோடு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்கிறது. தாரிலுள்ள கல்முனைகளைச் சுற்றி நசுங்கி, மெதுவாக மீண்டு, அந்த நசுங்கலில் ஆற்றலை இழக்கிறது. சாலை நனைந்தால் முதல் வழி பெருமளவு அடைபடும். இரண்டாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தவிர, டயர் மீதான பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே கூடுகிறது. வேகக் கார் வடிவமைப்பில் பாதி வேலை இந்தச் சிறு குறைவைச் சுற்றியே நடக்கிறது. காரைத் தாழ்வாகக் கட்டுவது, எடையைக் குறைப்பது, வளைவில் ஒரு பக்கச் சக்கரங்கள் மீதே பாரம் குவியாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இதற்காகத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். போர்ஷே 911 கரெரா எஸ் காரின் 992 தலைமுறை 1515 கிலோ. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 62 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் விழுகிறது. ஒரு சக்கரத்துக்கு 470 கிலோ. டயரில் காற்றழுத்தம் 2.3 பார் என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 305 மில்லிமீட்டர் அகல டயரில் அது அகலவாக்கில் நீண்டும் உருளும் திசையில் ஏழு சென்டிமீட்டர் அளவே குறுகியும் கிடக்கும். டயரை இன்னும் அகலமாக்கினாலும் அழுத்தம் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. வடிவம்தான் மாறுகிறது. குறுகிய நீளமுள்ள தொடுபரப்பு வளைவில் சீராகப் பிடிக்கிறது, சூடு பரவ இடம் கிடைக்கிறது, மென்மையான ரப்பரைத் துணிந்து பயன்படுத்த முடிகிறது. அகல டயரின் லாபம் அங்கிருந்து வருகிறது. “அகல டயர், அதனால் நிறைய ரப்பர் தரையில்” என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி இழுவை. கார் முடுக்கம் பெறும்போது எடை பின்னோக்கி நகரும். எவ்வளவு நகரும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும், முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் பொறுத்தது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் இவற்றின் விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. எஞ்சின் வலு தேவைக்கு மேல் இருப்பதாகவும், உராய்வுக் குணகம் 1 என்றும் கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல கோடைக்கால டயருக்கு இது பொருந்தும். நான்கு சக்கரமும் இழுத்தால் அதிகபட்ச முடுக்கம் 1 ஜி. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. தொட 2.8 வினாடி. எடையில் 60 சதவீதத்தைப் பின்னால் வைத்திருக்கும் பின்சக்கர இயக்கக் காருக்கு 0.75 ஜி, 3.8 வினாடி. எடை முன்னும் பின்னும் சரிபாதியாக உள்ள பின்சக்கர இயக்கக் காருக்கு 4.5 வினாடி. 60 சதவீத எடையை முன்னால் சுமந்து முன்சக்கரங்களால் இழுக்கும் காருக்கோ 5.7 வினாடி. முடுக்கும்போது முன்சக்கரங்கள் மேலிருந்து பாரம் விலகிப் போய்விடுவதால் அதன் கதி அப்படி.

அதே கணக்கைத் தரையை மாற்றிப் போட்டால்தான் விஷயம் புரியும். மழையில் நனைந்த சாலைக்குக் குணகம் 0.5 என்று வைத்தால், 60 சதவீத எடை பின்னாலுள்ள கார் 8.5 வினாடி எடுக்கும், நான்கு சக்கர இயக்கக் கார் 5.7 வினாடி. காய்ந்த சாலையில் 33 சதவீதமாக இருந்த முன்னிலை ஈரத்தில் 50 ஆகிவிட்டது. பனிக்கட்டியில், குணகம் 0.1 என்றால், 63 சதவீதம். எதிர்த் திசையில் போய், தடப் பந்தயத்துக்கென்றே செய்த ஒட்டும் டயரை மாட்டிக் குணகத்தை 1.2 ஆக்கினால் முன்னிலை 27 சதவீதமாகச் சுருங்குகிறது. காரணம் எளியது: பிடிமானம் கூடக் கூட முடுக்கம் கூடுகிறது, எடை மேலும் பின்னுக்கு நகர்கிறது, இழுக்கும் சக்கரங்கள் தாமாகவே பாரம் பெறுகின்றன. நல்ல டயர் பின்சக்கர இயக்கக் காருக்கு இரண்டு முறை உதவுகிறது என்றே சொல்லலாம்.

தயாரிப்பாளர்கள் தரும் எண்கள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. 992 கரெரா எஸ், நூறைத் தொட ஸ்போர்ட் க்ரோனோ வசதியுடன் 3.5 வினாடி, நான்கு சக்கர இயக்கமுள்ள கரெரா 4 எஸ் 3.4. கூடுதல் எடை 50 கிலோ, கிடைத்தது பத்தில் ஒரு வினாடி. 450 குதிரைத்திறன் கொண்ட இந்தக் கார் மணிக்கு 80, 90 கி.மீ. தாண்டியதும் பின்சக்கரங்களை வழுக்கவைக்கும் அளவுக்கு எஞ்சினிடமே வலு இருக்காது. அதற்கு மேல் முன்சக்கரங்கள் சேர்ந்து இழுப்பதால் கூடுதல் பயன் இல்லை. லம்போர்கினி ஹுராகானில் நான்கு சக்கர இயக்க எல்.பி. 610-4 எடுப்பது 3.2 வினாடி, பின்சக்கர இயக்க எல்.பி. 580-2 எடுப்பது 3.4. பின்னதன் எஞ்சினில் 30 குதிரைத்திறன் குறைவு, உலர் எடையில் 33 கிலோ குறைவு. இதோடு பி.எம்.டபிள்யூ. எம்5 காரை ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் முன்னால், இயக்கம் பின்னால் என்றிருந்த எஃப்10 தலைமுறைக்கு 560 குதிரைத்திறன், 4.4 வினாடி. 2017-ல் நான்கு சக்கர இயக்கத்தோடு வந்த எஃப்90 தலைமுறைக்கு 600 குதிரைத்திறன், 3.4 வினாடி. நாற்பது குதிரை கூடியதால் மட்டும் ஒரு முழு வினாடி கரையாது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதே நான்கு சக்கர இயக்கம் அவசியமா இல்லையா என்பதைப் பாதி தீர்மானிக்கிறது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

டுராகர் ஹோஹே ஏற்றத்தையும் இப்படிப் பார்க்கலாம். 23 சதவீத ஏற்றத்தில் ஏற நான்கு சக்கர இயக்கக் காருக்குக் குணகம் 0.23 இருந்தால் போதும். இரு சக்கர இயக்கக் காருக்கு, முன்னானாலும் பின்னானாலும், ஏறத்தாழ 0.4 வேண்டும். இறுகிய பனி தரக்கூடியது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே. ஆகவே ஏறியதில் மாயம் ஒன்றுமில்லை. அதே பாதையில் இறங்குவதுதான் யோசிக்க வேண்டியது. குணகம் 0.3 என்றால், சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 21 மீட்டர் போதும். அந்தச் சரிவில் இறங்கும்போது 90 மீட்டர் வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இங்கே ஒரு மீட்டரைக்கூடக் குறைக்காது. எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களாலும்தான் பிரேக் போடுகின்றன. பனிநாடுகளில் நான்கு சக்கர இயக்கக் கார்கள் சாலையோரப் பள்ளத்தில் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: கிளம்பும்போது வழுக்காத கார், தரை எவ்வளவு வழுக்கலானது என்பதை ஓட்டுநரிடம் மறைத்துவிடுகிறது.

வளைவுக்கு வருவோம். ஒரு டயருக்குக் கிடைக்கும் மொத்தப் பிடிமானம் ஒரே சம்பளம் மாதிரி. முன்னே தள்ளவும் பக்கவாட்டில் தாங்கவும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் கம்மின் பெயரால் வழங்கும் உராய்வு வட்டம் சொல்வது இதைத்தான். மொத்தத்தில் 60 சதவீதத்தை முடுக்கத்துக்குச் செலவிட்டால் பக்கவாட்டுக்கு 80 சதவீதம் மிஞ்சும். பிதாகரஸ் கணக்குதான், 40 அல்ல. பின்சக்கர இயக்கக் கார் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்டயர்கள் 60 சதவீதத்தை இழுவைக்குக் கொடுத்துவிட்டு 80-ல் நிற்கின்றன. முன்டயர்களிடம் 100 அப்படியே இருக்கிறது. அந்த வேறுபாடு கூடும்போதுதான் பின்பகுதி வெளியே போகிறது. அதே இழுவையை நான்கு டயர்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 30 சதவீதம் கொடுத்து 95 சதவீதத்தைப் பக்கவாட்டுக்கு வைத்துக்கொள்ளும். முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம் என்று நான்கு சக்கர இயக்கக் கார் ஓட்டுநர்கள் சொல்வதன் அடிப்படை இதுவே. விலையும் உண்டு: முன்டயர்கள் இப்போது திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். மிதி கூடினால் கார் மூக்கு வளைவுக்குள் வராமல் வெளிப்பக்கம் நகரும். முன்பகுதி கனத்த பழைய ஆடிகள் இதற்குப் பேர்போனவை.

வளைவின் நடுவே, எஞ்சின் தள்ளாமல் கார் உருளும் அந்தக் கணத்தில், இயக்க முறைக்கும் பிடிமானத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. அங்கே பேசுவது டயரும், எடையும், காரை அழுத்தும் காற்றும்தான். நான்கு சக்கர இயக்கம் ஐம்பது கிலோ கூட்டியிருந்தால் அங்கே அது வெறும் சுமை.

எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பங்கிடும் வேலை டிஃபரன்ஷியலுடையது; கவனிக்கப்படாத நாயகன் என்றால் அதுதான். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் போவதால் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் அதைச் செய்கிறது, ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையை, அதாவது டார்க்கைத்தான் கொடுக்கும். உள்சக்கரம் பாரமிழந்து வழுக்கத் தொடங்கினால், அந்த வழுக்கும் சக்கரம் ஏற்கும் சொற்ப அளவே வெளிச்சக்கரத்துக்கும் போகும். 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே சந்தித்த சிக்கல் இது; அதற்காக இஸட்.எஃப். நிறுவனம் செய்து கொடுத்ததே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். பின்னர் வெர்னான் கிளீஸ்மனின் பல்சக்கர ஏற்பாடு டார்சன் என்ற பெயரில் வந்து, 1980-களின் பிற்பாதியில் குவாட்ரோக்களின் நடுவே உட்கார்ந்தது. இன்று மின்னணுக் கட்டுப்பாட்டில் கிளட்ச் தட்டுகளை நெருக்கியும் தளர்த்தியும் இந்த வேலை நடக்கிறது. ஃபெராரி 2004-ல் எஃப்430 மூலம் இதைத் தன் சாலைக் கார்களுக்குக் கொண்டுவந்தது.

மூன்று இடத்திலும் சாதாரண டிஃபரன்ஷியல் வைத்த நான்கு சக்கர இயக்கக் கார், ஒரே ஒரு சக்கரம் பனிக்கட்டியில் சிக்கினால் போதும், நகராது. ஆகவே “நான்கு சக்கர இயக்கம்” என்ற முத்திரையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1989-ல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அடிப்படையில் பின்சக்கர இயக்கக் கார். வழுக்கல் தெரியும்போது மட்டும் கிளட்ச் மூலம் பாதி வரை டார்க்கை முன்னுக்கு அனுப்பும். மிட்சுபிஷி 1996-ல் லான்சர் எவல்யூஷன் 4 காரில் இன்னொரு படி போய், பின்னச்சில் இடது வலது சக்கரங்களுக்கு வெவ்வேறு அளவு டார்க் கொடுத்து காரை வளைவுக்குள் திருப்பவே அதைப் பயன்படுத்தியது. பங்கீடு இப்படிப் புத்திசாலித்தனமாக நடக்கும்போது முன்மூக்கு வெளியே ஓடும் பழைய குறை பெருமளவு தீர்கிறது. என்றாலும் புதிதாகப் பிடிமானம் உருவாவதில்லை. வீணாகக் கிடந்தது எடுத்துப் பயன்படுத்தப்படுகிறது.

பந்தய வரலாறு இந்தக் கணக்கையெல்லாம் காசு கொட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை வென்ற ஒரே நான்கு சக்கர இயக்கக் கார் ஃபெர்குசன் பி99. 1961 செப்டம்பரில் ஓல்டன் பார்க்கில், சாம்பியன்ஷிப்பில் சேராத கோல்ட் கப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மோஸ் அதை ஓட்டினார். அன்று தடம் ஈரம். 1969-ல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன் மூன்றும் நான்கு சக்கர இயக்கக் கார்களை இறக்கின. காஸ்வொர்த் ஒன்றைக் கட்டிப் பந்தயத்துக்கு விடாமலே கைவிட்டது. இறக்கியவற்றில் கிடைத்த மொத்தப் பலன், கனடாவில் ஜானி செர்வோ-கவான் மாட்ராவில் எடுத்த ஒரு புள்ளி. இந்தக் கார்களைத் திட்டமிட்ட நேரத்துக்கும் அவை தடத்துக்கு வந்த நேரத்துக்கும் நடுவே டயர்கள் அகலமாகிவிட்டன, இறக்கைகள் முளைத்துப் பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்தத் தொடங்கிவிட்டன. குணகம் உயர்ந்தது, முன்னிலை சுருங்கியது, எஞ்சியது கூடுதல் எடையும் திரும்ப மறுக்கும் முன்பகுதியும். 1982-ல் வில்லியம்ஸ் அணி பின்னால் நான்கு இயங்கு சக்கரம் வைத்த ஆறு சக்கரக் காரைச் சோதித்துப் பார்த்தது. 1983 முதல் இரண்டு சக்கரங்களுக்கு மேல் இயக்கக் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

ராலியில் கதை வேறு. சரளை, பனி, சேறு என்று குணகம் குறைந்த தரைகளே அதிகம். குவாட்ரோ அங்கே புகுந்ததும் களம் மாறியது. 1981 சான்ரெமோவில் மிஷெல் மூட்டோன் வென்றார், 1982-ல் ஆடி தயாரிப்பாளர் பட்டத்தை எடுத்தது. என்றாலும் 1983 பட்டம் லான்சியா 037 என்ற பின்சக்கர இயக்கக் காருக்குப் போனது, இரண்டே புள்ளி வித்தியாசத்தில். தார்ச்சாலை மிகுந்த சுற்றுகளில் எடை குறைந்த, எஞ்சினை நடுவில் வைத்த அந்தக் கார் குவாட்ரோவை மடக்கியது. அதற்குப் பிறகு பின்சக்கர இயக்கக் கார் எதுவும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. டூரிங் கார் பந்தயங்களிலோ விதி எழுதுபவர்களே நான்கு சக்கர இயக்கத்தின் பலத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்: 1996-ல் பிரிட்டனில் ஃபிராங்க் பீலா ஆடி ஏ4 குவாட்ரோவில் பட்டம் வென்றார், அடுத்த ஆண்டு அந்தக் காருக்குக் கூடுதல் சுமை, 1998-ல் நான்கு சக்கர இயக்கத்துக்கே தடை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1992 பாத்தர்ஸ்ட். ஆஸ்திரேலியாவின் மலைத்தடத்தில் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயம். ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் இணையின் நிசான் ஜிடி-ஆர் முந்தைய ஆண்டும் வென்றது, அன்றும் முன்னிலையில் இருந்தது. இறுதிக் கட்டத்தில் பேய்மழை. நான்கு சக்கரமும் இழுக்கும், அன்றைய தேதியில் உலகின் மிகக் கெட்டிக்கார டார்க் பங்கீடு கொண்ட அந்தக் கார் வரிப்பள்ளமற்ற ஸ்லிக் டயரில் இருந்தது. வழுக்கிக்கொண்டு போய், ஏற்கெனவே மோதிக் கிடந்த கார்களோடு சேர்ந்தது. பந்தயம் சிவப்புக் கொடியோடு நிறுத்தப்பட்டது. முந்தைய சுற்றின் வரிசைப்படி முடிவு கணக்கிடப்பட்டதால் உடைந்து கிடந்த காரே வென்றதாக அறிவிக்கப்பட்டது. கூட்டத்துக்கு அது ரசிக்கவில்லை.

தண்ணீரில் டயர் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு. விமான டயர்களை ஆராய்ந்து நாசா பொறியாளர்கள் 1960-களில் வகுத்தது: டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்கு சுமார் 94 கி.மீ. வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றி இந்த எல்லையைத் தள்ளிப்போடுகின்றன. அகலமும் தேய்மானமும் அதைப் பக்கத்தில் இழுக்கின்றன. காய்ந்த தரையில் லாபமாக இருந்த 305 மில்லிமீட்டர் அகலம் தேங்கிய மழைநீரில் நஷ்டமாகிறது. 992 வகை 911 கார்களில் போர்ஷே முன்சக்கரங்களுக்குப் பின்னே ஒலி உணரிகளை வைத்து, தெறிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டு ஓட்டுநரை எச்சரிப்பது இதனால்தான்.

டயர்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு இயக்க முறைகளுக்கு நடுவிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். அமெரிக்கத் தேய்மானக் குறியீட்டில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயருக்கு 300. தடத்தையும் மனதில் வைத்துச் செய்த பைலட் ஸ்போர்ட் கப் 2 அளவைப் பொறுத்து 180 அல்லது 240. பிரெல்லியின் டிரோஃபியோ ஆர் டயருக்கு 60. எண் குறையக் குறைய ரப்பர் சீக்கிரம் தேயும், பொதுவாக அதிகம் ஒட்டும். சோதனையை நிறுவனமே செய்து எண்ணை அறிவிப்பதால் இதைத் துல்லிய அளவுகோலாக எடுக்கக் கூடாது. இப்படிப்பட்ட டயர் சூடேறினால்தான் தன் குணத்தைக் காட்டும். குளிர்ந்த காலையில், ஈரச் சாலையில், முதல் ஐந்து கிலோமீட்டரில் இதைவிடச் சாதாரணக் கோடைக்கால டயரே நம்பத் தகுந்தது. அதற்கும் எல்லை உண்டு: வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால ரப்பர் விறைக்கத் தொடங்கும், உறைநிலைக்கும் வெகு கீழே அதை உருட்டினால் ரப்பரில் விரிசல் விழக்கூடும் என்று மிஷெலின் எச்சரிக்கிறது. டயர் பக்கச்சுவரில் போர்ஷேக்கான ‘என்’, மெர்சிடிசுக்கான ‘எம்ஓ’ போன்ற குறிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காருக்கென்றே ரப்பர் கலவையும் உட்கட்டும் மாற்றப்பட்டது என்று பொருள். பெயர் ஒன்றாக இருந்தாலும் டயர் ஒன்றல்ல.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் கார்கள் எடுத்த சுற்று நேரங்களைப் படிக்கும்போது இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 20.6 கி.மீ. சுற்றில் 2017-ல் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் 6 நிமிடம் 47.3 வினாடி, பின்சக்கர இயக்கம், 700 குதிரைத்திறன். மறு ஆண்டு லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே 6:44.97, நான்கு சக்கர இயக்கம், 770 குதிரைத்திறன், டிரோஃபியோ ஆர் டயர். நான்கு சக்கரம் வென்றது என்று பலரும் எழுதினார்கள். 2021-ல் அதே ஜிடி2 ஆர்எஸ் மான்தே நிறுவனத்தின் சஸ்பென்ஷன், காற்றியக்க மாற்றங்களோடும் கப் 2 ஆர் டயரோடும் திரும்பி வந்து அதே தூரத்தை 6:38.835-ல் முடித்தது. இயக்கம் மாறவில்லை, குதிரைத்திறன் மாறவில்லை.

ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்களை எடுத்தால் இன்னும் கூர்மையாகத் தெரியும். 20.8 கி.மீ. முழுச் சுற்றில் 2021-ல் 911 ஜிடி3 எடுத்தது 6:59.927, 510 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், கப் 2 ஆர் டயர். 2025-ல் 911 டர்போ எஸ் எடுத்தது 7:03.92, 711 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். இருநூறு குதிரைத்திறன் கூடுதலாக வைத்துக்கொண்டு நான்கு வினாடி பின்தங்கல். டர்போ எஸ் கிட்டத்தட்ட 300 கிலோ அதிகக் கனம், ஜிடி3-க்குப் பெரிய இறக்கை. ஆகவே இதை டயரின் வெற்றி என்று மட்டும் எழுதினால் அது மோசடி. ஆனால் மழை வந்தால் இந்த இரண்டில் எதில் வீடு திரும்புவீர்கள் என்று கேட்டால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை, டர்போ எஸ்தான்.

சுத்தமான ஒப்பீடு அரிது என்பதுதான் உண்மையான சிக்கல். ஒரே கார், ஒரே டயர், ஒரே எடை, இயக்கம் மட்டும் வேறு என்ற நிலையைத் தொழிற்சாலை தருவதே இல்லை. ஓரளவு நெருங்கி வருவது எஃப்90 எம்5: மையத் திரையில் ஒரு தேர்வை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கான இணைப்பு விலகி வெறும் பின்சக்கர இயக்கக் காராகிவிடும். எடை, டயர், ஓட்டுநர் எல்லாம் அதேதான். பத்திரிகைகள் அந்தத் தேர்வைப் புகை கிளப்பிப் படம் எடுக்கத்தான் அதிகம் பயன்படுத்தின; ஈரத் தடத்தில் இரண்டு நிலையிலும் பத்துச் சுற்று ஓட்டி நேரம் குறித்திருந்தால் இந்த விவாதத்துக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு பங்கீட்டுக் கலை ஏறக்குறைய அதன் முடிவை எட்டிவிட்டது. ரிமாட்ஸ் நெவெராவில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். டிஃபரன்ஷியலே கிடையாது, ஒவ்வொரு சக்கரத்தின் டார்க்கும் மில்லி வினாடிகளில் தனித்தனியாகத் திருத்தப்படுகிறது. நான்கு சக்கரமும் தத்தம் பாரத்துக்கேற்ப முழுமையாகப் பிடித்தால் கிடைப்பது குணகம் எவ்வளவோ அவ்வளவு ஜி. எத்தனை மோட்டார் சேர்த்தாலும் அதைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் ரப்பரை மாற்ற வேண்டும், அல்லது எடையைக் கூட்டாமல் பாரத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது வழியில் போனது மெக்மர்ட்ரி ஸ்பியர்லிங் என்ற ஒற்றை இருக்கைப் பிரிட்டிஷ் மின்சாரக் கார். அடியிலுள்ள காற்றை விசிறிகளால் உறிஞ்சி, நின்ற நிலையிலேயே சுமார் 2000 கிலோ அளவுக்குத் தன்னைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. காரின் எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோதான். பாரம் மூன்று மடங்காகும்போது பிடிமானம் மூன்று மடங்காவதில்லை, முன்னே சொன்ன அந்தக் குறைவு இங்கேயும் உண்டு. ஆனாலும் கிடைப்பது ஏராளம். 2019-ல் குட்வுட் மலையேற்றத் தடத்தை ஃபோக்ஸ்வாகனின் நான்கு சக்கர இயக்க ஐடி.ஆர் 39.90 வினாடியில் ஏறியிருந்தது. 2022-ல் மாக்ஸ் சில்டன் ஓட்டிய ஸ்பியர்லிங் 39.08 வினாடியில் ஏறியது. அதில் இயங்குவது பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே.